புதுப்பிப்பு: அப்பாவின் விடாத காய்ச்சல், கடைசியில் ஸ்க்ரப் டைபஸ்

டெங்கு, மலேரியா, டைபாய்டு எல்லாம் நெகட்டிவ், ஆனாலும் அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வந்தது ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல்.

கைகொடுத்தது, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள் என்று ஒருவர் எழுதியதுதான். வேட்டி கட்டும் இடத்துக்குக் கீழே, பீடி சுட்டதுபோல, நடுவில் கருப்பும் சுற்றிலும் சிவப்புமாக ஒன்று இருந்தது. உண்ணி கடித்த இடம் அதுதான். வலியோ அரிப்போ இல்லாததால் அப்பாவுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. காலையும் இரவும் கொடுக்கத் தொடங்கிவிட்டார், 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும் என்றார், அப்படியே இறங்கியது, அப்புறம்தான் இந்த நோய்க்கான ஐஜிஎம் எலைசா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தது.

எதிர்பாராதது, இதே நோய்க்கு எடுக்கும் வெயில்-ஃபெலிக்ஸ் என்ற இன்னொரு ரத்த டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்ததுதான். மலிவான டெஸ்ட், ஆனால் நிறைய பேரைத் தவறவிடுமாம். முன்னே போட்ட செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி கேட்காததற்கும் காரணம் உண்டு: இந்தக் கிருமி செல்லுக்குள்ளே வாழ்வது, அந்த வகை மருந்து அதை ஒன்றும் செய்யாது. பொருக்கு எல்லோருக்கும் வராது, அது இல்லாவிட்டாலும் எலைசா எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏறியிருந்த கல்லீரல் என்சைம்களும் இப்போது இறங்கி வருகின்றன.