ஹாட் டப் தண்ணி: வாராவாரம் கொட்டணுமா, மருந்து போட்டு வச்சுக்கலாமா?

ஒயிட்ஃபீல்ட் வாசு:
வணக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்ட் பக்கம் வாடகை வில்லால இருக்கோம். மொட்டைமாடியில ஓனர் விட்டுட்டுப் போன ஹாட் டப் (ஜெட் அடிக்கிற வெந்நீர்த் தொட்டி) ஒண்ணு இருக்கு. நாலு பேர் உக்காரலாம், 1200 லிட்டர். சனி, ஞாயிறு நானும் மனைவியும் மட்டும்தான் இறங்குவோம். ஞாயிறு ராத்திரி வாட்ச்மேன் தண்ணிய முழுசாத் தொறந்து விட்டு, ஹோஸ் அடிச்சுக் கழுவி, புதுசா நிரப்பிடுவார். மருந்து எதுவும் போடறதில்ல. ஆனா புதன்கிழமை மூடியைத் தூக்கினாலே ஒரு பாசி வாடை. ஜெட் ஓட்டைகளைச் சுத்தி வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கு. இப்ப மனைவிக்கு முதுகுலயும் இடுப்புலயும் சிவப்பா அரிப்புக் கொப்புளம் வேற. வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்துங்கறார் மாமனார். குளோரின் போட்டா மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும்ங்கறார் ஆபீஸ்ல ஒருத்தர். தண்ணி பெரும்பாலும் போர்வெல். யார் சொல்றது சரி?

அல்சூர் அண்ணாச்சி:
மாமனார் பேச்சைக் கேளுங்க தம்பி. முந்தாநாள் அண்டாவுல காய்ச்சின தண்ணிய எடுத்து இன்னிக்கு எவனாவது குளிப்பானா? மூணு மாசம் அதே தண்ணியில ஊறச் சொல்றது மருந்து விக்கிறவன் கணக்கு. எங்க பொண்ணு வீட்டுலயும் டப் இருக்கு. வாராவாரம் கொட்டிடறோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. உங்க வீட்டம்மாவுக்கு வந்தது சூட்டுக் கொப்புளமா இருக்கும். சந்தனம் அரைச்சுப் போடுங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும்.

கெமிக்கல் கண்ணம்மா:
சந்தனம் இருக்கட்டும் அண்ணாச்சி, முதல்ல தோல் டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க. நனைஞ்ச துணி உடம்போட ஒட்டியிருக்கிற இடத்துல அரிப்போட சிவப்புக் கொப்புளம் வந்தா சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா மேல சந்தேகப்படணும். மருந்து போடாத வெந்நீர்த் தொட்டியில அது நல்லாவே வளரும்.

வாசு சார், வாட்ச்மேன் கொட்டறது தொட்டியில இருக்கிற தண்ணிய மட்டும்தான். பம்புக்குள்ள, ஹீட்டருக்குள்ள, ஒவ்வொரு ஜெட்டுக்கும் போற குழாய்க்குள்ள பழைய தண்ணி தங்கியே இருக்கும். குழாயோட உள்சுவர்ல வழவழன்னு ஒரு படலம் கட்டும், கிருமி குடியிருக்கிறது அதுலதான். நீங்க புதுத் தண்ணி விட்டு 38 டிகிரிக்குச் சூடு பண்ணினதும் அது திரும்பத் தொட்டிக்கு வந்துடும். ஞாயிறு நிரப்பின தண்ணி புதன்கிழமை நாறுதுன்னா வேற எங்கேர்ந்து வந்திருக்கும்? வாரம் ரெண்டு தடவை மாத்தினாலும் இதேதான். லெஜியோனெல்லாங்கற இன்னொரு பாக்டீரியாவுக்கும் 25லேர்ந்து 45 டிகிரி வரைக்கும் சௌகரியமான சூடு. ஜெட் அடிக்கிறப்போ பறக்கிற நீர்த்துளியோட நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா கொண்டுவரும்.

வெந்நீர்த் தொட்டிக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்ற அளவு: குளோரின் குறைஞ்சது 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்), பிஎச் (அமில-காரத் தன்மை) 7.0லேர்ந்து 7.8 வரை. இது ரெண்டும் எப்பவும் நின்னா தண்ணிய மூணு மாசம் வச்சுக்கலாம். நிக்கலைன்னா மூணு நாள்கூடக் கூடாது.

டேங்கர்தாசன்:
இரண்டு கட்சிக்கும் என் கண்டனம். வாரம் 1200 லிட்டர் என்றால் மாதம் ஏறக்குறைய 5000 லிட்டர், அதாவது ஒரு சின்ன டேங்கர். 2024 மார்ச்சில் இந்த ஊர் பட்ட பாடு மறந்துவிட்டதா? கார் கழுவ, தோட்டத்துக்கு ஊற்ற, நீச்சல் குளம் நிரப்ப என எதற்கும் குடிநீர் கூடாது, மீறினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. 6000 லிட்டர் டேங்கர் ஐந்து கிலோமீட்டருக்குள் 600 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்ட வேண்டி வந்தது. 2025 பிப்ரவரியில் வாரியம் மறுபடியும் அதே தடையைக் கொண்டுவந்தது. காவிரியை 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து பம்ப் செய்து மேலே ஏற்றுகிறார்கள் ஐயா, நீங்கள் முதுகு ஊறுவதற்கா? இந்த ஊருக்கு ஹாட் டப்பே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அல்சூர் அண்ணாச்சி:
எங்களது சொந்த போர்வெல், காவேரிக்கு நான் கை நீட்டல. கண்ணம்மா மேடம், என் தம்பி வீட்டு அபார்ட்மெண்ட் குளத்துல குளோரின் நெடி தாங்காது. குழந்தைங்க கண்ணு செவசெவன்னு ஆகுது. அந்தக் கர்மத்தை வீட்டு மாடிக்கும் கொண்டு வரணுமா?

கெமிக்கல் கண்ணம்மா:
அண்ணாச்சி, அந்த நெடி குளோரின் அதிகமானதால வர்றது இல்ல, பத்தாததால வர்றது. வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்ந்து குளோரமின் ஆகுது. மூக்கைத் துளைக்கிறதும் கண்ணை எரிக்கிறதும் அதுதான். சரியா மருந்து நிக்கிற தண்ணியில நெடி லேசாத்தான் இருக்கும். டப்புக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் குளிச்சுட்டு, நல்லா அலசிட்டு வந்தாலே பாதி மருந்து மிச்சம்.

டேங்கர்தாசன் சார், உங்க கோபம் நியாயம்தான். ஆனா இந்தத் தொட்டி ஏற்கெனவே மாடியில உக்காந்திருக்கு. வாராவாரம் கொட்டினா வருஷத்துக்கு 62,000 லிட்டருக்கு மேல. மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னா 4800. நீங்க என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடணும்.

ஹொரமாவு ஹரி:
நான் சில வீடுகளுக்கு நீச்சல் குளம், டப் பராமரிப்பு பாக்கறவன். கொட்டாம வச்சுக்கணும்ங்கறதுல மேடம் பக்கம்தான். ஆனா குளோரின் வேண்டாம், அதே மாதிரி கிருமி கொல்ற புரோமின் போடுங்க. வெந்நீர்ல குளோரின் சீக்கிரம் தீர்ந்துடும், புரோமின் நிக்கும். வாசு சார் வீட்டுல வாரக் கடைசியிலதான் மூடியே தொறக்கறாங்க, தினம் யாரு மருந்து ஊத்துவா? மிதவையில மாத்திரை போட்டுட்டா கரைஞ்சுகிட்டே இருக்கும். 4லேர்ந்து 8 பிபிஎம்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கணும்.

எதைப் போட்டாலும் முதல் வேலை குழாய் சுத்தம். அது செய்யாம ஊத்தற மருந்தெல்லாம் வீண். ஃபில்டரைக் கழட்டி வெளிய வைங்க. பழைய தண்ணியிலயே பைப் க்ளீனர் ஊத்தி, எல்லா ஜெட்டையும், காத்து விடற குமிழையும் முழுசாத் தொறந்து ஒரு மணி நேரம் ஓட விடுங்க. முதல்ல நுரை பொங்கும். அப்புறம் பழுப்பும் சாம்பலுமா செதில் செதிலா மிதந்து வந்து தொட்டி விளிம்புல கோடா ஒட்டும், தொட்டா விரல் வழுக்கும். வருஷக்கணக்கா மருந்தே பாக்காத டப்புன்னா ஒரு தடவை பத்தாது, செதில் வர்றது நிக்கற வரைக்கும் திரும்பச் செய்யணும். அதைக் கண்ணால பாத்தா அண்ணாச்சியும் கட்சி மாறிடுவார்.

ஃபில்டரை வாராவாரம் ஹோஸ்ல அடிங்க. தண்ணிய நேரா அடிக்காம சாய்ச்சுப் பிடிச்சு, மடிப்பை விரலால பிரிச்சு, மேலேர்ந்து கீழ. மாசம் ஒரு தடவை ஃபில்டர் க்ளீனர்ல ராத்திரி முழுக்க ஊற வைங்க. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற நம்மாளுங்க வீட்டு ஃபில்டர்ல பிசுக்கு அதிகம். கார் கழுவற பிரஷர் மெஷினை மட்டும் வச்சிடாதீங்க, துணி பிய்ஞ்சிடும்.

கெமிக்கல் கண்ணம்மா:
குழாய் சுத்தம் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு. புரோமின் ஒத்துக்க மாட்டேன். ஒரு தடவை புரோமைடு (புரோமினோட உப்பு) சேர்ந்த தண்ணியில அப்புறம் குளோரின் ஊத்தினாலும் புரோமினாத்தான் மாறும். வேண்டாம்னு தோணினா மொத்தத் தண்ணியையும் கொட்டணும். அதை விடுங்க, கொட்டற தண்ணி என்ன ஆகும்? குளோரின் தண்ணின்னா மருந்தை நிறுத்தி, மூடியைத் தொறந்து வச்சு, தண்ணியில முக்கிப் பாக்கற டெஸ்ட் ஸ்ட்ரிப்ல பூஜ்யம் வந்ததும் போர்டிகோ கழுவலாம், ஃபிளஷ்ஷுக்கு எடுக்கலாம். புரோமின் அவ்வளவு சுலபமாப் போகாது, செடிக்கும் ஆகாது.

தினம் ஊத்த ஆளில்லைங்கறது ஒரு பிரச்சினையா? வாட்ச்மேன் கையில ஒரு அளவு மூடி குடுத்தாப் போச்சு. 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போன்னு விக்கிற திரவக் குளோரின்), 1200 லிட்டருக்கு 12 மில்லி ஊத்தினா ஏறக்குறைய 1 பிபிஎம் ஏறும். கேனை வெயில்ல வச்சா வீரியம் போயிடும், அதனால புதுசா வாங்குங்க. டைகுளோர்ங்கற குளோரின் பவுடர் முதல் சில நாளைக்குப் பரவாயில்ல. அதையே தொடர்ந்து போட்டா 10 பிபிஎம் குளோரினோட 9 பிபிஎம் சயனூரிக் ஆசிட்டும் (குளோரினைப் பிடிச்சு வைக்கிற பொருள்) சேர்ந்துகிட்டே போகும், கடைசியில குளோரின் இருந்தும் வேலை செய்யாது. நீச்சல் குளத்துக்கு விக்கிற ட்ரைகுளோர் மாத்திரை வேண்டவே வேண்டாம், அமிலம் அதிகம், ஹீட்டரை அரிக்கும். சம்ப்புக்குப் போடற ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம். ஏற்கெனவே கல்லுத் தண்ணி, அதுல இன்னும் சுண்ணாம்பா?

டேங்கர்தாசன்:
அந்த ஃபிளஷ் யோசனையை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். மழைநீர்க் குழியில் இந்தத் தண்ணீரைத் திருப்பிவிடாதீர்கள். நேராக நிலத்தடி நீருக்குப் போகும், அதைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் போர்வெல் வழியாகக் குடிக்கிறார்.

ஒயிட்ஃபீல்ட் வாசு:
எல்லாருக்கும் நன்றி, டாக்டர்கிட்ட நாளைக்குப் போறோம். ரெண்டு கேள்வி. போர்வெல் தண்ணியில உப்பு படியாம இருக்க என்ன வழி? படிஞ்சதுக்கு பாத்ரூம் ஆசிட் ஊத்தித் தேய்க்கட்டுமான்னு வாட்ச்மேன் கேக்கறார்.

ஹொரமாவு ஹரி:
ஆசிட் பாட்டிலை மாடிக்கே ஏத்தாதீங்க! ஹைப்போ பட்ட இடத்துல ஆசிட் பட்டா குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைச்சிடும். தொட்டி காலியா இருக்கறப்போ வினிகர்ல துணியை நனைச்சு ஒத்தி வச்சுட்டு, அப்புறம் தேய்ச்சு நல்லாக் கழுவுங்க.

போர்வெல் தண்ணியோட சாஃப்ட்னர் (கடினத்தன்மையை எடுக்கிற கருவி) தண்ணியைக் கலந்து நிரப்புங்க. கால்சியம் கடினத்தன்மை 150லேர்ந்து 250 பிபிஎம்ல இருக்கட்டும். சாஃப்ட்னர் தண்ணி மட்டும்னா நுரை தள்ளும், உலோகத்தையும் அரிக்கும். ஜெட் ஓட ஓட கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் தானா ஏறும். சூடும் சேர்ந்தா உப்பு படியும். அதனால பிஎச்சை 7.4 பக்கத்துல பிடிச்சு வைங்க. குறைக்க பிஎச் மைனஸ் பவுடர் கிடைக்கும். குளோரின் போட்டதும் தண்ணி பழுப்பாச்சுன்னா பயப்படாதீங்க, அது போர்வெல் இரும்பு, ஃபில்டர் பிடிச்சிடும். புரோமின் விஷயத்துல மேடமோட நான் இன்னும் சமாதானம் ஆகல, அது வேற.

அல்சூர் அண்ணாச்சி:
நான் கட்சி மாறல. வாராவாரம் கொட்டறது கொட்டறதுதான். அந்த ஸ்ட்ரிப் மட்டும் எங்க கிடைக்கும்? பொண்ணு வீட்டுத் தண்ணியில என்ன காட்டுதுன்னு பாத்துடலாம்.

ஹொரமாவு ஹரி:
நீச்சல் குளச் சாமான் விக்கிற கடையில கேளுங்க அண்ணாச்சி, ஆன்லைன்லயும் வரும். காலாவதித் தேதி பாத்து வாங்குங்க. ஈரக் கையோட டப்பாவுக்குள்ள விரலை விட்டுடாதீங்க, மிச்ச ஸ்ட்ரிப் எல்லாம் கெட்டுடும்.