கண்ணாடி துடைக்கும் தொழிலுக்கு எந்த வண்டி, எந்தத் தண்ணீர்? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வில்லியனூர் வாசி

போன மாதம் நடந்தது இன்னும் மண்டையைக் குடைகிறது. காலாப்பட்டு தாண்டி ஈ.சி.ஆர். மேல் ஒரு தங்கும் விடுதி, கடல் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. "எங்க போர் தண்ணியே நல்லா இருக்கும், நீங்க எதுவும் தூக்கிட்டு வர வேணாம்" என்று மேனேஜர் அம்மா சொல்லிவிட்டார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தேன், லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டி நின்றது. அவரிடமே காட்டினேன். "குளிக்கிறவங்க யாரும் குறை சொல்லலையே" என்றார்.

காலை வெயில், கிழக்கு பார்த்த கண்ணாடி, தொட்டால் சுடுகிறது. ஏணியை நகர்த்துவதற்குள் முதல் கண்ணாடி காய்ந்துவிட்டது. சொட்டு நின்ற இடமெல்லாம் வெள்ளை வட்டம். நடுவில் தெளிவு, ஓரத்தில் மட்டும் சுண்ணாம்புக் கோடு. அந்த அம்மா ஒரு வட்டத்தை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. "தம்பி, இதுக்கு உப்புக் காத்து படிஞ்சதே தேவலை போல" என்றார்.

வினிகர் கலந்து அத்தனையையும் மறுபடி துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். இனி தண்ணீர் நான் கொண்டுபோவதுதான். அதற்கு வண்டி எடுக்க வேண்டும். டாடா ஏஸ் மினி லாரியில் 500 லிட்டர் டேங்க் வைப்பதா, மாருதி ஈக்கோ வேனில் சின்னதாக வைப்பதா? வைத்து ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

முதுநகர்க்காரன்

ஏஸ்தான். ஆனால் டேங்க் விஷயத்தில் கவனம். அரியாங்குப்பம் பாலம் இறங்கும் இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் வேலை முடிந்து கடலூர் திரும்புகிறேன், டேங்கில் பாதித் தண்ணீர். முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆளை ஏற்ற சட்டென்று நின்றான். பிரேக் அடித்தேன். வண்டி நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. ஒரு நொடி கழித்துப் பின்னாலிருந்து 'தொம்' என்று ஒரு இடி. நின்ற வண்டி மறுபடி ஒரு முழம் முன்னால் போனது. ஆட்டோவில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண் கால் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டாள். இடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம்தான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வீட்டு மாடியில் வைக்கிற உருளை சின்டெக்ஸை அப்படியே வண்டியில் ஏற்றாதீர்கள். உள்ளே தடுப்புத் தகடு உள்ள தட்டையான டேங்காகப் பார்த்து வாங்குங்கள். நிறைந்த டேங்கும் காலி டேங்கும் ஆபத்தில்லை, பாதி டேங்க்தான் ஆபத்து. கேபினை ஒட்டி, தாழ்வாக வைத்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்த்து போல்ட் போட வேண்டும். தகர பாடியில் கொக்கி மாட்டி பெல்ட் கட்டினால் ஒரு பிரேக்குக்குத் தாங்கும், அடுத்ததற்குத் தாங்காது. எடைக் கணக்கும் உண்டு. ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஆக 500 லிட்டர் அரை டன். ஏஸின் சுமையே மாடலைப் பொறுத்து முக்கால் டன் சுமார். டேங்க், பம்ப், ஏணி, ஹோஸ் எல்லாம் மிச்சம் உள்ள கால் டன்னுக்குள் அடங்க வேண்டும்.

முத்தியால்பேட்டை ஈக்கோ

முதுநகர் அண்ணா, 500 லிட்டர் எதற்கு? நுனியில் பிரஷ் வைத்து, ஹோஸ் வழியாகத் தண்ணீர் வரும் நீளக் கம்பில் நிமிடத்துக்கு 2 லிட்டர் சுமார்தான் ஓடும். 200 லிட்டர் இருந்தால் விடாமல் திறந்து வைத்தாலே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். இடம் மாறும்போது நிறுத்தி வைத்தால் அரை நாள் வேலை ஓடிவிடும். என் ஈக்கோ ஒயிட் டவுன் தெருவில் ஓரமாக நிற்கும், கதவைப் பூட்டினால் சாமான் பத்திரம். திறந்த ஏஸில் கம்பையும் பம்பையும் வைத்துவிட்டு மாடிக்குப் போக எனக்கு மனசு வராது.

ஆனால் ஒயிட் டவுனில் கம்பே வேண்டாம் என்று ஒரு பாட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். டூமாஸ் தெருவில் பழைய வீடு, மாடி ஜன்னல் மூன்று. கம்பை நீட்டித் தண்ணீரைத் திறந்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது. கீழே பார்த்தால் சுவரில் மஞ்சள் கோடு கோடாக இறங்குகிறது. சுண்ணாம்பில் கலந்து அடித்த மஞ்சள், தண்ணீர் பட்டதும் கரைந்துவிட்டது. அது வழிந்து வாசல்படி தாண்டி, காலையில் போட்ட கோலத்தில் போய்ச் சேர்ந்தது. கம்பிக் கோலம், அத்தனை புள்ளி. பாட்டி வெளியே வந்து கோலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணாடியத்தான தொடைக்கச் சொன்னேன்?" அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

அந்த மாதிரி வீட்டுக்கு வாளி, ஈரத்துணி, வைப்பர். பீச் ரோடு பக்கம் வேலை என்றால் காலையில் போய்விடுங்கள், மாலை 6 மணிக்கு மேல் வண்டியை உள்ளே விடமாட்டார்கள்.

தவளக்குப்பம் புதுசு

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினால் போதாதா? நான் அப்படித்தான் ஒரு ஷோரூம் முடித்தேன். ஓனர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுபடி கூப்பிடவும் இல்லை. ஏன் என்றுதான் இன்னும் புரியவில்லை.

மஞ்சக்குப்பம் ஃபில்டர் சர்வீஸ்

புதுசு தம்பி, ஏன் என்று நான் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் கதை. ஒரு கஸ்டமர் வண்டியில் கருவாட்டு நாற்றம், தாங்கவில்லை. டிரைவர் துறைமுகத்தில் லோடு அடிக்கிறான் என்று சந்தேகப்பட்டு அவனைத் திட்டித் தீர்த்துவிட்டார். போய்ப் பார்த்தேன். நாற்றம் தண்ணீரில் உள்ள உப்பைப் பிடிக்கிற ரெசின் பாட்டிலிலிருந்து. தீர்ந்துபோன ரெசின் அப்படித்தான் மீன் வாடை அடிக்கும். மூடியைத் திறந்து அவர் மூக்கருகே காட்டினேன். டிரைவர் பையன் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குடிக்கிற தண்ணீரும் கண்ணாடித் தண்ணீரும் வேறு. இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 குடிநீரில் டி.டி.எஸ். 500 வரை ஏற்கிறது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. கண்ணாடியைத் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டுமானால் 10-க்குக் கீழே வேண்டும், 0 என்றால் நிம்மதி. கேன் தண்ணீர் அந்த அளவுக்கு இறங்காது. வைப்பர் போட்டு இழுத்தால் தப்பிக்கலாம், காயவிட்டால் புள்ளி விழும். ஷோரூம்காரர் வெயில் ஏறியதும் அதைப் பார்த்திருப்பார்.

நேராக ரெசினில் போர் தண்ணீரை விடாதீர்கள். கடலோரத்து உப்புக்கு அது சட்டென்று தீர்ந்துவிடும், காசு கரைந்துவிடும். முதலில் ஆர்.ஓ., அது பத்தில் ஒன்பது பங்கு உப்பை எடுத்துவிடும். மிச்சத்தை ரெசின் பார்த்துக்கொள்ளும். நகராட்சித் தண்ணீர் என்றால் ஆர்.ஓ.வுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் கட்டாயம், குளோரின் ஆர்.ஓ.வுக்குள் உப்பை வடிகட்டுகிற மெம்பிரேனைத் தின்றுவிடும். ஆர்.ஓ.வை வண்டியில் தூக்கிப் போட வேண்டாம், வீட்டில் வைத்து ராத்திரியில் டேங்கை நிரப்புங்கள். சமையலறை ஆர்.ஓ. மணிக்கு 15 லிட்டர் சுமார்தான் தரும். 500 லிட்டருக்கு ஒன்றரை நாள் ஆகும். மணிக்கு 250 லிட்டர் தரும் கமர்ஷியல் யூனிட் பாருங்கள். ஆர்.ஓ. ஒதுக்கிவிடும் கழிவு நீரைச் சாக்கடையில் விடாமல் வண்டி கழுவ, கழிப்பறைக்கு என்று பிடித்து வையுங்கள். டேங்க் கறுப்பாக இருக்கட்டும், வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். தினமும் கிளம்பும் முன் மீட்டர் வையுங்கள், மூக்கை நம்பாதீர்கள். அந்த டிரைவர் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறான்.

லாஸ்பேட்டை வயரிங்

எல்லாரும் தண்ணீரைப் பேசுகிறீர்கள், கம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் அலுமினியக் கம்பை நீட்டிக்கொண்டே போகிறான், கண் முழுக்க மாடி ஜன்னல் மேல். எதிர் டீக்கடை அண்ணன் கையில் பாத்திரத்தோடு ஓடி வந்து "டேய், மேல பாருடா!" என்று கத்தினார். நிமிர்ந்தான். கம்பு நுனிக்கும் கரண்ட் லைனுக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி. கம்பை இறக்கக்கூடத் தெரியாமல் அப்படியே நின்றான்.

கார்பன் கம்பும் கரண்ட் கடத்தும். ஃபைபர் கம்பு என்றாலும் நனைந்தால் நம்பக்கூடாது. வண்டியை நிறுத்தும்போதே மேலே பாருங்கள், லைன் இருந்தால் அந்தப் பக்கம் கம்பு வேண்டாம். முத்தியால்பேட்டை நண்பரே, நீங்கள் சுவர் மஞ்சளுக்காக விட்டதை இதற்காகவும் விடுங்கள்.

வில்லியனூர் வாசி

எல்லாருக்கும் நன்றி. ஏஸ் எடுக்கிறேன், ஆனால் 500 இல்லை. 200 லிட்டர் கறுப்பு டேங்க் இரண்டு. ஒன்றை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பேன், அப்போது ஒரே நேரத்தில் இரண்டும் பாதியாக இருக்காது. மேலே பூட்டுகிற மாதிரி கூண்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணா, பம்புக்கு வண்டி பேட்டரியே போதுமா?

முதுநகர்க்காரன்

போதாது. 12 வோல்ட் பேட்டரி தனியாக ஒன்று போடுங்கள். மத்தியானம் வரை பம்ப் ஓட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது, முழு டேங்கோடு வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டி வரும். இரண்டு டேங்க் யோசனை நல்லது. முன் டேங்கைக் கடைசியாகக் காலி செய்யுங்கள்.