மறுமதிப்பீட்டில் மறக்க முடியாமல் நின்றுபோன ஒன்று: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் மதி:
போன வாரம் காரைக்குடியில் நன்னடத்தை அலுவலர்களான நமக்கு நடந்த மறுமதிப்பீட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். வழக்கில் சிக்கிய பையனுக்கு என்ன தேவை, மறுபடி குற்றத்துக்குப் போகும் ஆபத்து எவ்வளவு என்று அவ்வப்போது திரும்பப் பார்ப்பதுதான் மறுமதிப்பீடு. இரண்டாம் நாள் மதியம் ஒரு வேலை கொடுத்தார்களே, உங்கள் கோப்பு ஒன்றில் முதல் பராமரிப்புத் திட்டத்தையும் கடைசியாக எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறியதைச் சிவப்பு மையில் கோடிடச் சொல்லி. என் தாளில் தேதிக்குக் கீழே மட்டும்தான் சிவப்பு விழுந்தது.

பையனுக்குப் பதினாறு வயது. ஊர் சொல்ல மாட்டேன், அடையாளத்தை வெளியிடக் கூடாது என்னும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவன் கோப்பைக் கையில் எடுத்ததும் சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நடந்தது ஞாபகம் வந்துவிட்டது. நான் அறிக்கை வாசிக்கிறேன்: "தந்தை மது அருந்துபவர். தந்தைக்கு ஆலோசனை வழங்கப்பட வேண்டும்." பையன் நிமிராமல், "மேடம், அப்பா செத்து நாப்பது நாளாச்சு" என்றான். மொட்டை போட்ட தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. அரை மணி நேரம் அந்தத் தலைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பராமரிப்புத் திட்டத்துக்கான படிவம் 7-இல் முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கொரு முறையும், பிறகு மாதம் ஒரு முறையும் முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும். ஒன்று விடாமல் எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தைய தாளைப் பார்த்து எழுதியது.

தேவகோட்டை ரஸ்தா:
பயிற்சியில் காட்டிய உதாரணமெல்லாம் போகப் போக ஆபத்து குறைந்துவிட்ட பையன்களாகவே இருந்தது எனக்கு உறுத்தல். ஆபத்து கூடவும் செய்யும், அதையும் சொல்ல வேண்டும்.

"குறைந்த ஆபத்து" என்று நானே எழுதிய பையன். ஒரே ஒரு அடிதடி வழக்கு, பள்ளிக்கூடம் ஒழுங்கு, அம்மா கூட இருந்தார். ஆறு மாதம் போனிலேயே விசாரித்தேன். "நல்லாருக்கான் தம்பி" என்று அவன் அப்பத்தா சொல்லும். கடைசியில் நேரில் போனால், திண்ணைத் தூணில் ஆணியடித்துப் புத்தகப் பை தொங்குகிறது. ஜிப் திறந்த வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போய் நாலு மாதம். அப்பத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, பை தொங்குவதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பையன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளுமாம். அவனோ பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் நிலையும் கதவும் கழற்றித் திருடும் கூட்டத்தோடு ராத்திரியில் போய்க்கொண்டிருந்தான்.

பள்ளத்தூர்க்காரி:
பதினாறு வயது தாண்டியவர்களுக்குத்தான் 15-ஆவது பிரிவில் மனநிலை, உடல்நிலை எல்லாம் ஏற்கெனவே மதிப்பிடுகிறார்களே. திரும்பத் திரும்ப எதற்கு? என்னிடம் இருக்கும் கோப்புகளுக்கு நாள் போதவில்லை.

குன்றக்குடி ஓய்வு:
பள்ளத்தூர் அம்மா, இரண்டையும் குழப்பாதீர்கள். 15-ஆவது பிரிவு கொடிய குற்றம் என்று சட்டம் சொல்லும் வழக்குகளுக்கு மட்டும். மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டிய முதற்கட்ட மதிப்பீடு அது. குற்றம் நடந்தபோது அவனுக்கு இருந்த திறனையும், விளைவை அவன் புரிந்துகொண்டதையும், நடந்த சூழ்நிலையையும் பார்ப்பது. அடுத்த ஆறு மாதத்தில் அவனுக்கு என்ன தேவை என்பதை அது சொல்லாது.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஒரு பையனின் தாளில் மாறாதவையும் உண்டு, மாறுபவையும் உண்டு. முதல் வழக்கு எந்த வயதில் வந்தது என்பது அவன் ஆயுசுக்கும் மாறாது. யாரோடு சுற்றுகிறான், வீட்டில் யார் இருக்கிறார்கள், படிப்பு, போதை, பொழுது எப்படிப் போகிறது என்பவை மாதத்துக்கு மாதம் மாறும். இளைஞர்களின் ஆபத்தையும் தேவையையும் மதிப்பிடக் கனடாவில் உருவான வொய்.எல்.எஸ். படிவத்தில் 42 கேள்வி, எட்டுத் தலைப்பு. அதில் முந்தைய வழக்குகள் ஒரே ஒரு தலைப்பு, மிச்சம் ஏழும் பெரும்பாலும் மாறக்கூடியவைதான். நாம் அந்த ஏழு தலைப்பையும் விட்டுவிட்டு முதல் ஒன்றையே கட்டிக்கொண்டு அழுகிறோம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று குறியுங்கள், அப்போது பழைய தாளைப் பார்த்து எழுதக் கை வராது. முதலில் பையனிடம் கேளுங்கள், வீட்டாரிடம் அப்புறம். மதிப்பீடு மாறினால் திட்டமும் மாற வேண்டும். முடிந்த வேலையை அதில் வைத்திருக்காதீர்கள். மேலதிகாரி கையெழுத்துப் போடும் முன் "போன தடவைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

என் கதை சின்னது. ஓய்வு பெறும் நாளில் ஒரு கோப்பைத் திறந்தேன், பையனுக்கு வயது பதினேழு என்று இருந்தது. அவனுக்கு அப்போது இருபது.

ஆத்தங்குடி பட்டறை:
நான் அலுவலர் இல்லை, தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பதினெட்டு முடிந்த ஒரு பையன் வேலை பழகினான். ஒரு நாள் அதிகாரி ஒருவர் வந்து, ஆறு பேர் பார்க்க, "பழைய கூட்டாளிங்க சகவாசம் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். பையன் அப்போது கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தான். கை ஆடி, பச்சை சிவப்புக்குள் ஓடிவிட்டது. அதுவரை யாருக்கும் அவன் வழக்கு தெரியாது. மறுநாள் வேலைக்கு வரவில்லை, நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தேன். ஐயா இவ்வளவு எழுதினீர்கள், எங்கே வைத்துக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை.

குன்றக்குடி ஓய்வு:
விட்டுவிட்டேன். நீங்கள் சொல்வது சரி.

கானாடுகாத்தான் மதி:
சனிக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். தனியாக, கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பேசினோம். அம்மா இப்போது புதுவயலில் அரிசி மில்லுக்குப் போகிறார், வர ராத்திரி எட்டு. நாலு மணியிலிருந்து தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது இவன்தான், சோறு வடிப்பதும் இவன்தான். என் திட்டத்தில் மாலை 5 மணிக்குக் கணினி வகுப்பு. நாலு தடவை "வரவில்லை, ஒத்துழைப்பு இல்லை" என்று குறித்திருக்கிறேன்.

வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். "ஒத்துழைப்பு இல்லை" என்பதை நீக்கி, குழுமத்துக்கு வேறு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு விதவை உதவித்தொகை மனு இன்னும் போடவில்லை, அதற்கு என்னென்ன சான்று வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.