மறு: ‘ரிம்ஃபயர்’, ‘செமி ஆட்டோமேடிக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> அமெரிக்க ருகர் நிறுவனத்தின் 10/22 என்ற .22 ரைபிளைப் பற்றிக் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். ரிம்ஃபயர் – விளிம்புத்தீ, செமி ஆட்டோமேடிக் – அரைத் தானியங்கி, ரிசீவர் – ஏற்பி, பேரல் – பீப்பாய், போல்ட் – திருகாணி என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறேன். துப்பாக்கி வைத்துப் பழகியவர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது. நான் கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் பாயின்ட் டூ டூ (.22) ரைபிள் சுட்டதோடு சரி.

வணக்கம் ஐயா,

நான் இருப்பது ஓஹாயோவில். நீங்கள் எழுதும் அதே துப்பாக்கி என் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. வாங்கினபடியே வைத்திருக்கவில்லை, அங்கங்கே மாற்றியிருக்கிறேன். அதனால் அகராதியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பாகங்களைக் கழற்றி மேசைமேல் பரப்பிக்கொண்டு பேசலாம்.

முதலில் ரிம்ஃபயர். முகாமில் நீங்கள் சுட்ட தோட்டாவும் இதே வகைதான். .22 லாங் ரைபிள் என்று 1887இல் வந்தது, இன்னும் ஓய்வு பெறவில்லை. சுட்டபின் விழுந்து கிடக்கும் பித்தளைக் கூட்டைக் குனிந்து எடுத்துப் பாருங்கள். அதன் பின்முகத்தில், நடுவில் இல்லாமல் ஓரத்தில், ஒரு சின்னப் பள்ளம் நகத்துக்குத் தட்டுப்படும். அந்த ஓரம் உள்ளே பொள்ளலான ஒரு மடிப்பு. அடிபட்டால் பற்றும் மருந்து அதற்குள்தான் இருக்கிறது. தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கும் சுருள் கேப்பின் பொட்டு மாதிரி. தோட்டா செய்யும்போது அந்த மருந்தை ஈரப்பசையாக உள்ளே இட்டு வேகமாகச் சுழற்றுவார்கள். பசை போய் மடிப்புக்குள் அப்பிக்கொள்ளும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது அது பொறி கக்கி, வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. நசுங்கின விளிம்பை நிமிர்த்த முடியாது என்பதால் இந்தக் கூட்டைப் பொதுவாக யாரும் மறுபடி நிரப்புவதில்லை. பெரிய தோட்டாக்களில் பின்முகத்தின் நடுவில் தனியாக ஒரு கேப் பதித்திருக்கும். அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது வைத்து, வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறவர்கள் இங்கே நிறைய.

‘விளிம்புத்தீ’யைப் படித்தால் ஏதோ ஓரத்தில் தீப்பிடித்து எரிவதுபோல் இருக்கிறது. போன வாரம் இங்கே ஒருவர் ‘விளிம்படி’ என்றார். கச்சிதமான சொல்தான். ஆனால் விளிம்புக்கு அடியில் என்றும் படிக்கலாம், விளிம்பில் விழும் அடி என்றும் படிக்கலாம். நான் சொல்வது விளிம்புப்பொறித் தோட்டா. அதற்கு இணையாக, சென்டர்ஃபயருக்கு நடுப்பொறித் தோட்டா. பொறி என்றால் இயந்திரமும் ஆகுமே என்று யாராவது கேட்பீர்கள். பொறி பறந்தது என்றால் இயந்திரம் பறந்தது என்று நாம் நினைப்பதில்லை.

அடுத்தது செமி ஆட்டோமேடிக். ‘அரைத் தானியங்கி’யை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டு. அடுத்த குண்டுக்கு விரலை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். துப்பாக்கி தானாகச் செய்வது வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது மட்டும்தான். இழுத்துப் பிடித்தால் கொட்டிக்கொண்டே இருப்பது வேறு ஜாதி. 1986 மே மாதத்துக்குப் பிறகு செய்த அந்த வகையைப் பொதுமக்கள் வைத்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் விடுவதில்லை. ‘அரை’ போட்டால் இது அதில் பாதி என்று ஆகிவிடும். அணில் சுடப் போகிறவனும் இயந்திரத் துப்பாக்கிக்காரனும் ஒரே வரிசையில் நிற்க நேரும். நம் செய்தித்தாள்கள் ஏற்கெனவே கையில் கிடைத்ததையெல்லாம் தானியங்கித் துப்பாக்கி என்றுதான் எழுதுகின்றன.

என் சொல் தன்னேற்றுத் துப்பாக்கி. புதிதாக முளைத்ததில்லை. நம் ஊர்க் காவலர்கள் நெடுங்காலம் சுமந்த எஸ்.எல்.ஆர். இருக்கிறதே, செல்ஃப் லோடிங் ரைபிள், அதன் நேர்த்தமிழ் இதுதான். பிரிட்டிஷ் சட்டமும் இதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. 1987இல் ஹங்கர்ஃபோர்டில் நடந்த படுகொலைக்குப் பிறகு, 1988இல் அங்கே தன்னேற்று ரைபிள்களைத் தடை செய்தார்கள்; .22 விளிம்புப்பொறிக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு, 1996 ஒப்பந்தத்தில், தன்னேற்று விளிம்புப்பொறி ரைபிள் 10 தோட்டா வரை கொண்டால் ‘சி’ பிரிவு, அதைத் தாண்டினால் இன்னும் கடுமையான ‘டி’. நியூசிலாந்திலும் 2019 தடையில் 10 தோட்டாவுக்கு மேல் போகாத .22 விளிம்புப்பொறிக்கு விலக்கு இருந்தது. மூன்று நாட்டிலும் ஒருவன் கையில் இருப்பது குற்றமா இல்லையா என்பதைத் தன்னேற்று, விளிம்புப்பொறி என்ற இந்த இரண்டு சொற்கள்தான் தீர்மானித்தன. இந்த இரண்டில் மட்டும் நாம் அசட்டையாக இருக்கக்கூடாது. மற்ற பாகங்களுக்கு நான் அவ்வளவு கறார் இல்லை. ஸ்கோப்பை ஸ்கோப் என்றே எழுதுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இப்போது உங்கள் பட்டியலில் மிச்சம். பேரலுக்குப் பீப்பாய் வேண்டவே வேண்டாம், அது எண்ணெய் ஊற்றி வைப்பது. துப்பாக்கிக்குக் குழல் என்ற சொல் நம்மிடம் எப்போதும் உண்டு. தோளில் அணைத்துப் பிடிக்கும் ஸ்டாக் என்றால் கட்டை. ட்ரிகர் விசை. உள்ளே இருந்து ஊசியைத் தட்டும் ஹேமருக்குப் பழைய ஆட்கள் சொன்ன குதிரையையே கொண்டுவரலாம், நல்ல சொல் சும்மா கிடக்கிறது.

ரிசீவருக்கு ‘ஏற்பி’ போட்டால் வானொலிக் கட்டுரை ஆகிவிடும். குழலும் விசைத்தொகுதியும் வந்து பொருந்தும் நடுப்பாகம்தானே, ‘உடல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 10/22இல் தொடர் எண் பொறித்திருப்பது இந்த அலுமினிய உடலில்தான். அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது அது ஒன்றுதான். உடலை வாங்க உரிமம் பெற்ற கடைக்குப் போய், 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடியக் காத்திருக்க வேண்டும். முழு ரைபிளாகக் கடையில் வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும், வெறும் உடல் மட்டும் என்றால் 21. குழல், கட்டை, விசைத்தொகுதி எல்லாம் கூட்டரசுச் சட்டப்படி வெறும் பாகங்கள், வாசலுக்குப் பார்சலில் வந்துவிடும். சில மாநிலங்கள் தனியாக இறுக்கிப் பிடிக்கும், அது வேறு கதை.

இந்தத் துப்பாக்கியைச் சுற்றி மாற்றுப் பாகக் கடைகள் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் 1964இல் அதை வடிவமைத்த விதம். குழலை உடலுக்குள் மரை சுற்றி முறுக்கவில்லை. ஆங்கில ‘வி’ வடிவில் ஒரு சின்ன ஆப்பு, இரண்டு திருகு, அவ்வளவுதான் பிடிமானம். ஆலன் சாவி போட்டுத் தளர்த்தினால் குழல் முன்பக்கமாகக் கையோடு வந்துவிடும். மற்ற ரைபிள்களில் இந்த வேலைக்குக் குழலைப் பட்டறையில் கவ்வி பிடித்துத் திருக வேண்டும். குறிதவறாமல் சுட விரும்புகிறவர்கள் 0.920 அங்குல விட்டமுள்ள தடித்த குழலைப் போடுவார்கள். அது பழைய கட்டையின் பள்ளத்தில் உட்காராது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அகலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் கட்டையையும் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் கட்டுரையில் எழுதிவிடுங்கள்: ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அது 1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டத்துக்குள் போய்விடும், முன்கூட்டியே பதிவு செய்யாமல் அதில் கை வைக்கக் கூடாது.

விசைத்தொகுதியைப் பிடித்திருப்பது இரண்டு குறுக்குப் பின்கள். கட்டையை எடுத்ததும் அவை தானாகவே நழுவும், மேசைக்கடியில் உருண்டு ஓடும், முழங்காலில் நின்று தேட வேண்டும். இதை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. தொழிற்சாலை விசை 5–6 பவுண்டு இழுப்பு கேட்கும். ருகரே விற்கும் பி.எக்ஸ். விசைத்தொகுதி 3 பவுண்டுக்குள். நான் அதைத்தான் போட்டிருக்கிறேன். இன்னொரு மலிவான மாற்றம் உண்டு. தாழ் பின்னால் வந்து மோதும் எஃகுப் பின்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாலியூரித்தேன் பின் வைப்பது. ‘டங்’ என்ற சத்தம் ‘டொப்’ ஆகும். குறி இதனால் மேம்படுமா என்றால் இல்லை, காதுக்குச் சுகம். இப்படி அராவாமல் இழைக்காமல் உட்காரும் பாகங்களை ‘நேர்ப்பொருத்து’ என்று சொல்லலாம். ‘தனிப்பயனாக்கம்’ என்பதை மென்பொருள்காரர்களே வைத்துக்கொள்ளட்டும், இங்கே ‘மாற்றியமைத்தல்’ போதும்.

‘தாழ்’ என்று எழுதிவிட்டேன், அதுதான் போல்ட். திருகாணி இல்லவே இல்லை, உடலுக்குள் முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புத் துண்டு. முகாமில் ஒவ்வொரு குண்டுக்கும் நீங்கள் கையால் தூக்கி இழுத்த பிடி, கதவுத் தாழ்ப்பாள் மாதிரியே வேலை செய்தது அல்லவா? அதிலிருந்து எடுத்தேன்.

*

வணக்கம் தம்பி,

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். விளிம்புப்பொறி, தன்னேற்று இரண்டுக்கும் என் வாக்கு உண்டு. ஆனால் தோட்டா, கூடு என்று நீங்கள் போட்டுக் குழப்புகிற இடத்தில் எங்கள் பக்கத்தில் தெளிவான சொற்கள் இருக்கின்றன. முழுசாக இருப்பது ரவை. பறந்து போவது சன்னம். சுட்டபின் விழுகிற வெற்றுப் பித்தளை கோது. மகசீன் ரவைக்கூடு. இவையெல்லாம் யாரும் அறைக்குள் இருந்து ஆக்கிய சொற்கள் அல்ல, ஈழத்துப் பத்திரிகைகளில் படித்துப் படித்துப் பழகியவை.

ரவைக்கூடு கட்டாயம் வேண்டும். 10/22இன் சிறப்பே அதில்தான் இருக்கிறது. விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிற ரவைகளை நேராக அடுக்கினால் ஒன்றின் விளிம்பு மற்றதில் மாட்டிச் சிக்கும். இதில் நடுவில் சுழல்கிற ஒரு உருளை, பத்து ரவைகளுக்கும் தனித்தனிப் பள்ளம். ஒன்றை ஒன்று தொடாது, கட்டைக்குக் கீழே துருத்தவும் செய்யாது. சுழல் ரவைக்கூடு என்று எழுதலாம். கனடாவில் ரவைக்கூட்டுக்கே ஒரு வழக்கு நடந்தது போல ஆகிவிட்டது. பத்துக்கு மேல் கொள்கிற 10/22 ரவைக்கூடுகள் தடை செய்யப்பட்டவை என்று 2016இல் இங்குள்ள கூட்டரசுக் காவல்துறையான ஆர்.சி.எம்.பி. சொன்னது. ருகரின் சார்ஜர் என்கிற கைத்துப்பாக்கிக்கும் அதே ரவைக்கூடு பொருந்துகிறது, கைத்துப்பாக்கிக்குப் பத்துதான் எல்லை, அதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

தாழில் எனக்கு உடன்பாடு இல்லை. என்.சி.சி. துப்பாக்கியில் அது பூட்டிக்கொள்கிறது, சரி. 10/22இல் எதுவும் பூட்டுவதில்லை. ரவை வெடிக்கும்போது கோதைப் பின்னால் தள்ளுகிற அழுத்தத்துக்கு எதிராக நிற்பது அந்த இரும்புத் துண்டின் பாரமும் ஒரு சுருள்வில்லும் மட்டும்தான். பூட்டாததைத் தாழ் என்பதா?

*

அக்கா,

கோதும் ரவைக்கூடும் உடனே எடுத்துக்கொள்கிறேன். சன்னமும் சரி. ரவையில்தான் சிக்கல்: தமிழ்நாட்டு வாசகனுக்கு ‘ரவை நிரப்பினான்’ என்றால் உப்புமா ஞாபகம் வரும். அங்கே தோட்டாவும் இருக்கட்டும், இரண்டையும் கட்டுரையின் முதல் வரியிலேயே சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

தாழைப் பொறுத்தவரை, ஆங்கிலத்திலும் கதவுத் தாழ்ப்பாளின் பெயர்தான் பூட்டாத துப்பாக்கிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனாலும் உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பூட்டாததைப் ‘பின்தள்ளு முறை’ என்று வகைப்பெயரில் பிரித்துக் காட்டினால் போதாதா? ப்ளோபேக் என்பதற்கு எப்படியும் ஒரு சொல் வேண்டும். உதைப்பு என்பதை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள், தோளில் இடிப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது.

*

இருவருக்கும் நன்றி. விளிம்புப்பொறி, நடுப்பொறி, தன்னேற்று, உடல், குழல், ரவைக்கூடு, கோது – இவற்றை இன்று இரவே கட்டுரையில் மாற்றிவிடுகிறேன். பின்தள்ளு முறையும் ஏற்றேன். தாழை இப்போதைக்கு விட்டுவைக்கிறேன். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ஓஹாயோத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: சுழல் ரவைக்கூட்டையும் அந்த ‘வி’ ஆப்பையும் கழற்றி வைத்துப் படம் எடுத்துப் பொது உரிமத்தில் ஏற்ற முடியுமா? தொடர் எண் தெரியாத கோணத்தில் எடுங்கள்.