உயிர்ப்படலமா, உயிர்ப்பிசுக்கா?

அன்பு நண்பர்களே,

'பயோஃபிலிம்' (biofilm) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக நேற்று வந்த 'நோய்க்கிருமிப் படலம்' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் கூட்டமாக ஒட்டி, தாங்களே சுரக்கும் கொழகொழப்புக்குள் வாழ்வதுதான் பயோஃபிலிம். அது நோயையும் தரும், நோயைத் தடுக்கவும் செய்யும்.

1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒட்டியே இருந்த அல்டோனா நகரம் பெருமளவு தப்பித்தது. இரண்டு ஊருக்கும் எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். அதிலும் அல்டோனா எடுத்தது ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் தண்ணீர். ஆனால் அதை மணலில் மெதுவாக வடிகட்டிக் கொடுத்தார்கள். அந்த மணலின் மேல்மட்டத்தில் பாக்டீரியாவும் மற்ற நுண்ணுயிரிகளும் சேர்ந்து வழவழவென்று படிகின்றன. கிருமிகளைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு அந்தப் படிவுக்குத்தான். புது மணல் போட்டால் அது வளரும்வரை தண்ணீர் சரியாகச் சுத்தமாகாது.

இதே பயோஃபிலிம் பல்லில் படிந்தால் சொத்தை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா சர்க்கரையைக் கொண்டு பசை தயாரித்து ஒட்டிக்கொள்கிறது. அது விடும் அமிலம் எனாமலை அரிக்கிறது. அந்தப் படிவு வாய் கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். சிறுநீர் வெளியேற நோயாளிக்குச் செருகும் குழாயில் (கதீட்டர்) படிந்ததோ ஆன்டிபயாடிக்குக்கு எளிதில் மசியாது. பல நேரம் குழாயையே மாற்ற வேண்டியிருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'உயிர்ப்படலம்' ஏற்கெனவே புழங்குகிறது, தவறும் இல்லை. ஆனால் படலம் என்றால் மெல்லியது என்பது மட்டும்தான் தெரிகிறது. மருந்துக்கு அசையாததிலும், தண்ணீரை வடிகட்டுவதிலும் அந்தப் பசைக்கு முக்கியப் பங்கு உண்டு. அதனால் 'உயிர்ப்பிசுக்கு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அடுக்களையில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

பிசுக்கு என்றால் அழுக்கு என்று தோன்றாதா என்று சிலர் கேட்கலாம். மணல் வடிகட்டியின் அந்தப் படிவுக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் 'ஷ்முட்ஸ்டெக்கே', அதாவது அழுக்குப் போர்வை. மற்ற நாட்டுக் குடிநீர்ப் பொறியாளர்களும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். அதன் மதிப்பு குறையவில்லை.

'உயிர்ப்பிசின்' வேண்டாம், அது பயோரெசினுக்கு (தாவரம் போன்ற உயிர்ப்பொருளிலிருந்து செய்யும் பிசினுக்கு) தேவைப்படும். அப்புறம், இலங்கை நண்பர்கள் ஒன்று சொல்லுங்கள்: 'பிசுக்கு' உங்கள் பேச்சில் வழங்குகிறதா? இல்லையென்றால் இரண்டு நாட்டுக்கும் பொதுவாக வேறொன்று தேடுவோம்.