குகன் என்று ஒரு நாய்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் குகன். மார்கழி மழையில், திருகோணமலை டச்பே கடற்கரையில், கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்துக்குக் கீழே நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டி. வள்ளத்தடியில் கிடைத்தவனுக்கு ஓடக்காரன் பெயர்தானே பொருத்தம்?

தம்பி ‘பூங்குன்றன்’ என்றான். யாதும் ஊரே என்று திரிந்தவனாம்! நல்ல பெயர்தான். ஆனால் நாயின் பின்னால் ஓடிக்கொண்டு அதைக் கத்திப் பாருங்கள். ‘குகா’ என்றால் கடற்காற்றிலும் நீண்டு கேட்கும்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. “முருகன்ர பேரையோ நாய்க்கு வைக்கிறாய்? உனக்கென்ன விசரோ?” நியாயமான கேள்வி. நம் ஊரில் குகன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது முருகன். கம்பனின் வேடன் பிறகுதான். சரி என்று அயோத்தியா காண்டத்தை எடுத்துக் காட்டினேன். ஆயிரம் அம்பிக்கு (ஓடத்துக்கு) நாயகன் என்று கம்பன் அறிமுகப்படுத்தும் அந்த ஆளிடம் இலக்குவன் நீ யார் என்று கேட்கிறான். வரும் பதில்: ‘நாவாய் வேட்டுவன் நாய் அடியேன்.’

“அவனே சொல்லிப்போட்டான் அம்மா, நான் என்ன செய்ய?”

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அன்றிரவு மீன்தலை குகனுக்குத்தான் போனது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவனைக் ‘கறுப்பன்’ என்றுதான் கூப்பிடுவார்.

அப்பாவுக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் பாதையில் (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையில்) போய்வந்தவர்; பாதைக்காரர்களைப் பற்றி இன்னும் பேசுவார். நாங்கள் வீட்டில் நாலு பேர். இராமன் சொன்ன ‘குகனொடும் ஐவர் ஆனேம்’ எங்களுக்கும் கணக்குச் சரி.

ஒரு தடவை விசர் ஊசி போடக் கொண்டுபோயிருந்தோம். உள்ளேயிருந்து “குகன்!” என்று கூப்பிட, ஆட்டுக்குட்டியோடு இருந்த ஒரு ஐயா எழும்பிவிட்டார். அவருடைய பெயரும் அதுதான். நாய் வாலை ஆட்ட, நான் நிலத்தைப் பார்த்தேன்.

உங்கள் வீட்டில் என்ன பெயர்? சொல்லுங்கோ.

*

உவர்மலையிலிருந்து நான். எங்களுடையதை வளர்ப்பு என்று சொல்ல முடியாது. குசினி மதிலுக்குத் தினமும் வரும் ஒரு காகம். ஒரு காலில் விரல் குறைவு, அதனால் அடையாளம் தெரியும். பெயர் நச்செள்ளை. குறுந்தொகை 210இல், விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலம் நிறைய நெய்ச்சோறு வைத்தாலும் போதாது என்று பாடி, காக்கைபாடினியார் என்றே பேரெடுத்தவர் நச்செள்ளையார். பாடியவரின் பெயரைக் காகத்துக்கே கொடுத்துவிட்டோம். மாமி அதை ‘நச்சு’ என்று சுருக்கிவிட்டார். சோறு கேட்கிற கேள்விக்கு அதுவும் பொருத்தந்தான்.

இது கரைந்து இதுவரை ஒரு விருந்தாளியும் வந்ததில்லை. மீன்காரர் மட்டும் வருவார்.