அவசரம்: ஸ்கூல் பையனுக்கு முன்பல் போயிருச்சு, என்ன செய்யணும்?

பி.டி. மாஸ்டர் (11:42)
ஒரு பையன் கீழ விழுந்து முன்பல் உடைஞ்சு போச்சு சார். ரத்தம் நிக்கல. பல் எங்ககிட்டதான் இருக்கு. டாக்டர்கிட்ட போறதுக்குள்ள என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

வேப்பங்குச்சி (11:44)
வயசு என்ன? பாதி உடைஞ்சுதா, வேரோட முழுசா வந்துருச்சா? ரெண்டுக்கும் வேற வேற வைத்தியம். எவ்வளவு நேரமாச்சு?

கைமருந்து (11:45)
கிராம்பு எண்ணெய பஞ்சுல நனைச்சு அந்த இடத்துல வைங்க. வலியும் ரத்தமும் நிக்கும்.

பல் டாக்டர் தஞ்சை (11:47)
கிராம்பு எண்ணெய் வேண்டவே வேண்டாம். கிழிஞ்ச ஈறை அது புண்ணாக்கும். மஞ்சத்தூள், காப்பித்தூளும் கூடாது. சுத்தமான துணிய மடிச்சு 10 நிமிஷம் கடிக்கச் சொல்லுங்க, அடிக்கடி எடுத்துப் பார்க்காதீங்க. உதடு வீங்கினா வெளியிலருந்து ஐஸ்.

பல் வேரோட வந்திருந்தா இந்த நிமிஷமே சூடில்லாத பால்ல போடுங்க. எந்த கலர் பாக்கெட்டா இருந்தாலும் சரி. சர்க்கரை போட்டது, பாதாம் பால், மோர் ஆகாது. பால் கிடைக்கலன்னா பையனையே ஒரு டம்ளர்ல துப்பச் சொல்லி அந்த எச்சில்ல போடுங்க. வேர் மேல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும், பல் திரும்ப ஒட்டுறது அதாலதான். காகிதத்துல சுத்தினா காஞ்சு செத்துடும், 30 நிமிஷத்துலயே பெரும்பகுதி போயிடும். தண்ணில ஊறப்போட்டா சவ்வோட செல்லுக்குள்ள தண்ணி ஏறி வெடிச்சிடும்.

நிலைய வித்வான் (11:49)
வயசு இல்ல, நேரம் இல்ல, எந்தப் பல்லுன்னும் இல்ல. கேள்வி கேக்குறதுக்கே தனியா ஒரு வகுப்பு எடுக்கணும் போல. பால் பல்லா இருந்தா திரும்ப வைக்கவே கூடாது, உள்ள வளர்ற நிலைப்பல் கெட்டுடும். இது இந்த இழைகள்ல எத்தனை தடவ எழுதியாச்சு.

பி.டி. மாஸ்டர் (11:53)
3ஆம் வகுப்பு. மேல் வரிசை நடுப்பல். வேரோட வந்துருச்சு. 11:25 இருக்கும். டீச்சர் பேப்பர்ல சுத்தி வச்சிருந்தாங்க, இப்ப எதிர் டீக்கடைல பால் வாங்கிப் போட்டாச்சு. அறந்தாங்கி பக்கம்.

வேப்பங்குச்சி (11:54)
மயக்கம், வாந்தி, தலைசுத்தல் உண்டா? ஒண்ணு இருந்தாலும் பல்ல மறந்துட்டு முதல்ல பெரியாஸ்பத்திரி. பல்லுல டெட்டால் பட்டுச்சா?

பல் டாக்டர் தஞ்சை (11:56)
8 வயசு, மேல் நடுப்பல்னா பெரும்பாலும் நிலைப்பல்தான். பக்கத்துப் பல்லோட ஒப்பிடுங்க: பெருசா, லேசா மஞ்சளா, கடிக்கிற விளிம்பு ரம்பம் மாதிரி இருந்தா நிலைப்பல். அப்படின்னா அங்கயே குழியில வைக்கிறதுதான் உத்தமம்:

வெள்ளைப் பகுதிய மட்டும் பிடிங்க, வேரைத் தொடாதீங்க. மண் இருந்தா அதே பால்ல லேசா அலசுங்க. தேய்க்கக் கூடாது, சுரண்டக் கூடாது. மேடா வளைஞ்ச பக்கம் உதட்டைப் பார்க்கணும். குழிக்கு நேரா வச்சு, பக்கத்துப் பல்லோட மட்டத்துக்கு வர்ற வரைக்கும் விரலால மெதுவா அழுத்துங்க. அப்புறம் கைக்குட்டைய மடிச்சுக் கடிக்க வச்சுக் கிளம்புங்க. பையன் விடலன்னாலோ, எங்கயோ இடிக்குதுன்னாலோ மல்லுக்கட்டாதீங்க, பாலோட கொண்டு போங்க. நாக்குக்கு அடியில வச்சுக்கச் சொல்றதெல்லாம் பெரியவங்களுக்கு. சின்னப் பையன் முழுங்கிடுவான்.

அறந்தாங்கி அரசு மருத்துவமனைக்குப் போன் போட்டு பல் டாக்டர் இருக்காரான்னு கேளுங்க. இல்லன்னா நேரா புதுக்கோட்டை, அங்க அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. தடுப்பூசி அட்டைய அம்மா கொண்டு வரட்டும். மண் பட்ட காயம், 5 வயசு ஊசி போட்டாச்சான்னு பார்ப்பாங்க.

தோப்புக்காரன் (12:05)
பாலுக்கு எதுக்கு அலையணும்? நம்ம ஊர்ல இளநீர் இல்லாத இடமா? வெட்டுற வரைக்கும் கிருமி அண்டாதது. பால விட மேலன்னு இந்தியாவுலயே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க.

நிலைய வித்வான் (12:09)
ஆய்வுக்கூடத் தட்டுல வளர்த்த செல்லுல பண்ணினது அது. பால விட மேலன்னு ஒரு கட்டுரை, கீழன்னு இன்னொண்ணு. இளநீர் அமிலம், பி.எச். 5 பக்கம். பல் காயங்களுக்கான சர்வதேசச் சங்கத்தோட 2020 வழிகாட்டில பால், ஹாங்க்ஸ் கரைசல் (செல்லை உயிரோட வைக்கிற ஆய்வுக்கூட உப்புக் கரைசல்), எச்சில், சலைன் (ஆஸ்பத்திரி உப்புநீர்)தான் இருக்கு, இளநீர் இல்ல. படிச்சுட்டு வாங்க.

தோப்புக்காரன் (12:12)
வெள்ளக்காரன் எழுதின பட்டியல்ல இளநீர் எப்படி வரும்? அவன் ஊர்ல தென்னை இருக்கா?

வேப்பங்குச்சி (12:15)
கையில இளநீர் மட்டும்தான் இருக்குன்னா காய விடுறத விட அது மேல். பால் கிடைச்சா பால். இதுல சண்டைக்கு என்ன இருக்கு? மாஸ்டர், பல் வச்சாச்சா?

கைமருந்து (12:31)
எங்க பக்கத்துல பல்லைச் சுடுதண்ணில கழுவித்தான் வைப்பாங்க.

பல் டாக்டர் தஞ்சை (12:34)
சுடுதண்ணி சவ்வை வேகவச்சிடும். யாரும் செய்யாதீங்க.

பி.டி. மாஸ்டர் (17:20)
வைக்க விடல, பாலோட போனோம். டாக்டர் வச்சு கம்பி ஒட்டியிருக்காரு. 2 வாரம் கழிச்சு வரச் சொன்னாரு. நன்றி.

பல் டாக்டர் தஞ்சை (17:48)
நல்லது. 30 நிமிஷம் பேப்பர்ல காஞ்சிருக்கு, அதனால முழுசா நம்பவும் முடியாது, கைவிடவும் வேண்டாம். ஒரு மணி நேரம் காஞ்ச பல்லைக்கூடத் திரும்ப வைக்கிறதுதான் நல்லது. எலும்போட இறுகிப் போனாலும் தாடை எலும்பு கரையாம அந்த இடத்தக் காப்பாத்தும். வளர்ற பையன்ல அப்படி இறுகின பல் மத்த பல்லோட கீழ இறங்காது, குட்டையாத் தெரியும். அதுக்குத்தான் வருஷக்கணக்கா பார்க்கச் சொல்றது.

8 வயசுல வேர் நுனி பெரும்பாலும் மூடியிருக்காது, நரம்பு திரும்ப உயிர் பிடிக்க வாய்ப்பு உண்டு. அதனால வேர் சிகிச்சைய உடனே செய்ய மாட்டாங்க. ஆனா ஈறுல கொப்புளமோ பல்லுல கருப்போ தெரிஞ்சா தவணைக்குக் காத்திருக்கக் கூடாது. 2 வாரம் இட்லி, குழைஞ்ச சாதம், மென்மையான பிரஷ், ஓட்டம், கபடி கிடையாது. மருந்து அவர் எழுதினபடி.

வேப்பங்குச்சி (18:05)
எங்க விழுந்தான்னு சொல்லவே இல்லயே? குடிதண்ணிக் குழாய்கிட்டயா? இண்டர்வெல்ல குழாய்ல வாய் வச்சுக் குடிக்கிறவன பின்னாடி தள்ளினா பித்தளைக் குழாய்ல நேரா பல்லுதான் மோதும். டம்ளர்ல பிடிச்சுக் குடிக்க வைங்க, ஒரு குழாய்க்கு ஒரு வரிசை, பாசி படிஞ்ச தரையத் தேய்ங்க. இது மூணுக்கும் காசே ஆகாது.

சிலம்பம் (18:30)
கபடிக்கும் பல் கவசம் கட்டாயமாக்கணும்னு நான் கத்திட்டே இருக்கேன். வெந்நீர்ல போட்டுக் கடிச்சு வடிவம் எடுக்கிறதே போதும்.

பல் டாக்டர் தஞ்சை (18:52)
போதாது. பல் விழுந்து முளைக்கிற வயசுல சில மாசத்துலயே கழண்டுடும். கடிச்சு வடிவம் எடுக்கிறப்பவே முன்பக்கம் மெலிஞ்சு போகும். அங்கதான் 3, 4 மில்லிமீட்டர் தடிமன் வேணும். அச்சு எடுத்துச் செஞ்சதுதான் சரியா உக்காரும். எல்லாருக்கும் முடியலன்னா தெத்துப்பல் பிள்ளைங்களுக்கு முதல்ல. மேல்பல் 3 மில்லிமீட்டருக்கு மேல துருத்தியிருந்தா அடிபடுற வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு.

சிலம்பம் (19:04)
அரசுப் பள்ளில அச்சு எடுக்க யார் காசு குடுப்பா?

நிலைய வித்வான் (19:10)
கேள்வி முன்பல் பத்தி. கபடிக்குத் தனி இழை திறங்க. அது வரைக்கும் பி.டி. ரூம் பெட்டில ஒரு சலைன் பாட்டில், காஸ் துணி, கையுறை, மூடி போட்ட சின்ன டப்பா வைங்க. சலைன் பாட்டில்ல காலாவதி தேதி இருக்கும். ஒவ்வொரு ஜூன்லயும் மாத்துங்க.